குயில்ட் பேட்டர்ன், துணி டிசைன் இரண்டையும் தொழிலாகச் செய்ய: எதில் தொடங்குவது, கணக்கு எப்படி?

பூவரசு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வாட்டர்கலரில் பூ, இலை வரைவேன், குயில்ட்டும் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைப்பேன். துணிக் கம்பெனிக்கு டிசைன் கொடுப்பது, சொந்தமாகப் பேட்டர்ன் (வெட்டித் தைக்கும் குறிப்பு) எழுதி விற்பது இரண்டையும் சேர்த்து முழுநேரத் தொழிலாகச் செய்ய நினைக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது இவ்வளவுதான். பெரிய பூக்களாக 12 ஓவியங்கள், ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஒரு பேட்டர்ன் வரைவும் இருக்கிறது: 12 இன்ச் சாடூத் ஸ்டார் பிளாக் (நட்சத்திரம் வரும்படி தைத்த சதுரம்) 30, வரிசைக்கு 5 வீதம் 6 வரிசை, முடிந்த அளவு 60 × 72. பார்டர் கிடையாது. பின்னணி ஒரே துணி, நட்சத்திரங்கள் பல துணிகளில். தேவையான துணி என்று 10 ஃபேட் குவார்ட்டர் (18 × 22 இன்ச் கால் கெஜத் துண்டு), பின்னணிக்கு 2¼ கெஜம், பைண்டிங்குக்கு (ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் பட்டை) ½ கெஜம் எழுதியிருக்கிறேன்.

என் கேள்விகள்:

இந்தக் கணக்கு சரிதானா? விற்கும் முன் வேறு என்ன சரிபார்க்க வேண்டும்?

12 ஓவியங்களையும் அப்படியே கம்பெனிக்கு அனுப்பலாமா? கலெக்‌ஷன் என்று அவர்கள் சொல்வது எப்படி இருக்க வேண்டும்?

ராயல்டி எப்படி வரும்? ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்?

பேட்டர்ன் முதலிலா, துணி முதலிலா?

---

கால்இன்ச் பதில்:

பூவரசு, பேட்டர்ன் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். துணி டிசைன் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் எழுதிய பின்னணி, பைண்டிங் அளவு இரண்டும் துணியின் அகலம் 42 இன்ச் முழுசாகக் கிடைக்கும் என்று நம்பிப் போட்டவை. குயில்ட் காட்டன் 44 இன்ச் என்று சொல்லி விற்றாலும் இரண்டு பக்கமும் ஓரக்கரையை வெட்டி, துவைத்துச் சுருங்கியபின் சில துணி 42 தரும், சில துணி 41-க்கும் கீழே போகும். வாங்குபவர் எந்தத் துணி எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் 40 இன்ச் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

பின்னணியைப் பார்ப்போம். நட்சத்திர முனைகள் வரும் நான்கு ஃப்ளையிங் கீஸையும் (முக்கோணங்களால் ஆன 3 × 6 துண்டுகள்) ஒரு பெரிய சதுரம், நான்கு சின்னச் சதுரத்திலிருந்து ஒரே நேரத்தில் எடுக்கும் முறை என்று எடுத்துக்கொள்கிறேன். பெரிய சதுரம், முடிந்த (தைத்தபின் தெரியும்) அகலத்துடன் 1¼ கூட்டியது: 6 + 1¼ = 7¼. சின்னது, முடிந்த உயரத்துடன் ⅞ கூட்டியது: 3 + ⅞ = 3⅞. ஆக ஒரு ஸ்டாருக்குப் பின்னணியில் 7¼ சதுரம் 1, மூலைக்கு 3½ சதுரம் 4.

7¼ சதுரம் 30 வேண்டும். அகலவாக்கில் வெட்டும் ஒரு பட்டைக்கு 5 வரும். 6 பட்டை, 43½ இன்ச். இதில் 40-க்கும் 42-க்கும் வித்தியாசமில்லை. 3½ சதுரம் 120 வேண்டும். இங்கேதான் இடிக்கிறது. 42 இன்ச்சில் 12 சதுரம் துல்லியமாக அடங்கும், ஒரு நூல்கூட மிச்சம் இராது. அதைத்தான் 10 பட்டை, 35 இன்ச் என்று போட்டு, மொத்தம் 78½ என்று வந்து 2¼ கெஜம் (81 இன்ச்) எழுதியிருக்கிறீர்கள். அகலம் 41½ ஆனாலே பட்டைக்கு 11தான். 10 பட்டையில் 110 சதுரம், 10 குறைகிறது. 11-வது பட்டை வெட்ட 82 இன்ச் வேண்டும், துணி 81. அதிலும் துணியை நேராக்க முதலில் வெட்டும் ஓரத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

7¼ பட்டைகளின் கடைசியில் மிஞ்சும் துண்டு 40 இன்ச் துணியிலும் 3¾ அகலம் இருக்கும். அதில் பட்டைக்கு இரண்டு 3½ சதுரம், ஆறு பட்டையில் 12 கிடைக்கும். தெரிந்தவர் இதை வைத்துத் தப்பித்துவிடுவார், புதிதாகத் தைப்பவர் அந்தத் துண்டைக் கூடையில் போட்டுவிடுவார். வெட்டும் குறிப்பில் அதைத் தெளிவாக எழுதுங்கள், ஆனால் துணி அளவை அதை நம்பிக் குறைக்காதீர்கள். 2½ கெஜம் (90 இன்ச்) எழுதுங்கள். ஒரு 7¼ பட்டை தப்பாக வெட்டினால்கூட மறுபடி வெட்டிக்கொள்ளலாம். மீட்டரில் 2.286 வரும், 2.3 என்று மேலே ஏற்றி எழுதுங்கள். மீட்டர் கணக்கை ஒருபோதும் கீழே இறக்கி முழுமையாக்கக் கூடாது.

ஃபேட் குவார்ட்டர் 10 என்பது நிச்சயமாகத் தவறு. ஒன்றிலிருந்து மூன்று ஸ்டார் என்று எண்ணியிருக்கிறீர்கள். ஃபேட் குவார்ட்டர் 18 × 22, ஓரக்கரை போக 18 × 21. ஒரு ஸ்டாருக்கு 6½ நடுச்சதுரம் 1, 3⅞ சதுரம் 4. மூன்று ஸ்டாருக்கு 6½ பட்டை ஒன்று, 3⅞ பட்டை மூன்று வேண்டும்: 6½ + 11⅝ = 18⅛. இருப்பது 18. அந்த ⅛ இன்ச்சுக்காக மூன்றாவது ஸ்டார் போய்விடுகிறது. துணியைத் திருப்பி 18 இன்ச் நீளப் பட்டைகளாக வெட்டிப் பார்த்தாலும் மூன்று நடுச்சதுரமும் 11 சின்னச் சதுரமும்தான் வரும், 12 வராது. ஒன்றுக்கு இரண்டு ஸ்டார், மொத்தம் 15 ஃபேட் குவார்ட்டர். இப்படி மயிரிழையில் போகும் இடங்கள் கணினித் திரையில் எளிதில் கண்ணில் படாது. கட்டம் போட்ட தாளில் 18 × 21 வரைந்து துண்டுகளை அடுக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே வெட்டி விற்கும் 10 இன்ச் சதுரக் கட்டுகளுக்கும் இந்தப் பேட்டர்ன் பொருந்தும் என்று அட்டையில் போட ஆசை வரும். போடும் முன் யோசியுங்கள்: 10-லிருந்து 6½ போனால் மிச்சம் 3½, அதில் 3⅞ வராது. ஒரு ஸ்டாருக்கு இரண்டு சதுரம் வேண்டும், 30 ஸ்டாருக்கு 60. வழக்கமான ஒரு கட்டில் 42தான்.

கீஸை ஓரம் வெட்டிச் சரிசெய்யும்படி சற்றுப் பெரிதாகத் தைக்கச் சொல்வதே புதியவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. அப்படியானால் பெரிய சதுரம் 7½, சின்னது 4. பட்டைக்கு 5 என்பது அப்படியே இருக்கும், ஆனால் கடைசித் துண்டு 2½-தான் மிஞ்சும், அந்த 12 சதுரம் கிடையாது. மொத்தம் 45 + 38½ = 83½. 2½ கெஜம் அப்போதும் தாங்கும்.

பைண்டிங்: சுற்றளவு 264 இன்ச். மூலை மடிப்புக்கும் முடிவில் இணைப்பதற்கும் இன்னொரு 10. 2½ இன்ச் பட்டைகளைச் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்பும் 2½ இன்ச் விழுங்கும். 40 இன்ச் பட்டை 7 என்றால் 280, ஆறு இணைப்புக்கு 15 கழித்தால் 265. போதாது. 8 பட்டை, 20 இன்ச் துணி, ⅝ கெஜம்.

பின்துணியை நீங்கள் எழுதவே இல்லை. லாங் ஆர்ம் மெஷினில் (முழுக் குயில்ட்டையும் விரித்து மேல்தையல் போடும் பெரிய மெஷின்) குயில்ட் செய்பவர்கள் பொதுவாக ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் கூடுதலாகக் கேட்பார்கள், ஆக 68 × 80. தையல் நெடுக்காக வந்தால் 80 இன்ச் துண்டு இரண்டு, 160 இன்ச், 4¾ கெஜம் எழுதலாம். தையலைக் குறுக்காக வைத்து 68 இன்ச் துண்டு இரண்டில் முடித்தால் துணி மிச்சம்தான், ஆனால் 40 இன்ச் அகலத்தில் இரண்டு துண்டையும் இணைத்தால் தையல் விளிம்பு போக 80-க்குக் கீழேதான் வரும். அந்தக் கணக்கை எழுதி வைக்காதீர்கள்.

துணி அளவுக்கு அடுத்தபடியாகப் புகார் வருவது தையல் விளிம்பில். ஒவ்வொரு படிக்கும் கீழே, தைத்து இஸ்திரி போட்டபின் அந்தத் துண்டு என்ன அளவில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கீஸ் 3½ × 6½, பிளாக் 12½. இது ஏன் அவசியம் என்றால், உங்கள் வரிசையில் 15 துண்டு, 14 தையல். ஒவ்வொரு தையலும் 1/32 இன்ச் உள்ளே தள்ளிப் போனால் இரு துண்டிலும் சேர்த்து 1/16 போகும், வரிசை முடியும்போது ⅞ இன்ச் காணாமல் போயிருக்கும். அளவு எழுதியிருந்தால் முதல் கீஸிலேயே தெரிந்துவிடும், இல்லாவிட்டால் வரிசைகளை இணைக்கும்போதுதான் தெரியும்.

அடுத்து சரிபார்ப்பு. கணக்கையும் வாசகத்தையும் மட்டும் பார்க்கும் டெக்னிக்கல் எடிட்டர் வேறு, தைத்துப் பார்க்கும் டெஸ்டர் வேறு. இரண்டும் வேண்டும், எடிட்டர் முதலில். டெஸ்டர்களிடம் ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தத் துணியில் எத்தனை இன்ச் மிஞ்சியது, பிளாக் என்ன அளவு வந்தது, எந்தப் படியை இரண்டு முறை படித்தார்கள் என்று கேளுங்கள். டெஸ்டர்களில் ஒருவராவது இந்த பிளாக்கை இதுவரை தைக்காதவராக இருக்கட்டும். ஈக்யூ8 போன்ற குயில்ட் வரையும் மென்பொருள் தரும் துணி அளவை அப்படியே ஒட்டாதீர்கள். அது நீங்கள் எழுதும் வெட்டும் முறையைப் பின்பற்றிக் கணக்கிடுவதில்லை.

இந்த டிசைனுக்கு டெம்ப்ளேட் (துணி வெட்ட உதவும் தாள் வடிவம்) வேண்டாம். பின்னால் வளைவு பிளாக் எழுதினால் ஏ4, லெட்டர் இரண்டு தாளிலும் அச்சாகும்படி வையுங்கள். ஏ4 அகலம் குறைவு, 210 மில்லிமீட்டர். லெட்டர் உயரம் குறைவு, 279. இரண்டிலும் சிறியதை எடுத்து, பிரின்டர் விடும் ஓரத்தையும் கழித்து, அதற்குள் டெம்ப்ளேட் அடங்க வேண்டும். பக்கத்திலேயே 1 இன்ச் சோதனைக் கட்டம் ஒன்று கட்டாயம். பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கி அச்சிட்டுவிட்டு அளவு சரியில்லை என்று எழுதுபவர்கள் எப்போதும் உண்டு.

---

பாவும்ஊடும் பதில்:

12 ஓவியங்களை இப்போது அனுப்ப வேண்டாம். அழகாக இருந்தாலும் அவை 12 தனி ஓவியங்கள்தான், குயில்ட் தைக்கத் தேவையான துணிக் குடும்பமாக இன்னும் ஆகவில்லை. எல்லாமே பெரிய பூ என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் பேட்டர்னில் 3⅞ சதுரத்தைக் குறுக்கே வெட்டுகிறார்கள். 10 இன்ச் ரோஜா அதில் என்னவாகும்? ஒரு இதழின் நடுப்பகுதி மட்டும் தெரியும், தூரத்தில் வெறும் இளஞ்சிவப்பு.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. டிசைனை உண்மை அளவில் தாளில் அச்சிடுங்கள். அட்டையில் 2½ இன்ச் சதுர ஜன்னல் ஒன்றும் 5 இன்ச் ஜன்னல் ஒன்றும் வெட்டி, அச்சின் மேல் நகர்த்திப் பாருங்கள். 2½ ஜன்னலில் எங்கே வைத்தாலும் ஏதாவது தெரியும் டிசைன்தான் சின்னத் துண்டுகளுக்கு உதவும். 5 ஜன்னலில் பாதி இடம் வெறும் பின்னணியாக நிற்கும் டிசைன் பின்துணிக்கும் பைக்கும் ஓடும், பிளாக்குக்கு ஓடாது.

ஒரு கலெக்‌ஷனில் முகம் காட்டும் பெரிய டிசைன் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். அதிலிருந்தே ஒரு மொட்டு, ஓர் இலை, ஒரு தண்டை எடுத்து நடுத்தர அளவில் இரண்டு மூன்று செய்யுங்கள். பிறகு தூரத்திலிருந்து ஒரே நிறமாகத் தெரியும் பிளெண்டர்கள், ஒரு கோடு, ஒரு புள்ளி அல்லது கட்டம். 8 டிசைனை மூன்று கலர்வேயில் (நிறச்சேர்க்கையில்) செய்தால் கடை அலமாரியில் 24 துணி. உங்கள் 12-ல் ஒன்றை முகம் காட்டும் டிசைனாக வைத்து மற்ற 7-ஐப் புதிதாக வரைய வேண்டியிருக்கும். பிளெண்டரை ஏனோதானோ என்று கடைசியில் போடாதீர்கள். பெரிய பூவைப் பார்த்துக் கடைக்காரர் கலெக்‌ஷனை எடுப்பார், தைப்பவர் மறுபடி மறுபடி வாங்குவது பிளெண்டரை.

எல்லாத் துணியையும் கருப்பு வெள்ளையாக மாற்றி வரிசையாக வையுங்கள். வாட்டர்கலர்காரர்களின் கலெக்‌ஷனில் எல்லாமே நடுச்சாம்பலாகவே நிற்கும், வெளிர் துணியும் அடர் துணியும் இருக்காது. அதில் தைத்த நட்சத்திரம் பின்னணியில் கரைந்துபோகும். நிறம் வேறாக இருந்தால் போதும் என்று நினைப்பார்கள், ஆனால் பிளாக்கின் வடிவத்தைக் காட்டுவது வெளிச்ச வித்தியாசம்தான்.

ரிப்பீட் (டிசைனில் திரும்பத் திரும்ப வரும் அலகு) பற்றி. ரோட்டரி ஸ்கிரீனில் (சுழலும் உருளையில்) அச்சிடும் மில்களில் உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர், அதாவது 25.2 இன்ச். உங்கள் ரிப்பீட்டின் உயரம் அதில் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும்: 64, 32, 16 இப்படி. 30 சென்டிமீட்டரில் அழகாக வரைந்து கொடுத்தால் மில்லில் அதைச் சுருக்குவார்கள் அல்லது இழுப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறலாம், ஆகவே இறுதி ஃபைல் செய்யும் முன் அவர்களின் அளவைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனியைத் தேடும் காலத்தில் உயரத்தை 32 சென்டிமீட்டரில் வைத்து, லேயர்களைப் பிரித்தே சேமித்தால் பிற்பாடு மாற்றுவது சுலபம். எல்லாவற்றையும் ஒரே லேயராக ஒட்டிவிட்டால் பூவை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தக்கூட மறுபடி வரைய வேண்டும்.

ரிப்பீட் ஒட்டுமிடம் தெரியாமல் இருப்பது பாதி வேலைதான். டிசைனை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, எழுந்து நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளை இடங்கள் சேர்ந்து ஆறு போல ஓடும், அல்லது ஒரே அடர் பூ வரிசை கட்டி நிற்கும். அடுத்த நெடுவரிசையைப் பாதி உயரம் இறக்கி அடுக்கும் ஹாஃப்-டிராப் முறையில் அது பெருமளவு மறையும், முழுக்கப் போகாது. கடைசி ஒழுங்கைக் கையால்தான் செய்ய வேண்டும், இடைவெளியில் ஒரு சின்ன இலையைப் போட்டு, கனமான பூவைக் கொஞ்சம் திருப்பி.

பூக்கள் எல்லாம் மேல்நோக்கி நின்றால் அது திசை உள்ள துணி. ஃப்ளையிங் கீஸில் நான்கு பக்கமும் திரும்பும்போது பூ தலைகீழாகவும் படுத்தும் கிடக்கும். குடும்பத்தில் ஒன்றிரண்டு திசையுள்ளதாக இருந்தால் பரவாயில்லை, மீதி எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல் தெரியும்படி இறைத்துப் போட்டதாக இருக்கட்டும்.

கோடும் கட்டமும் போடும்போது இன்னொன்று. துணி மில்லில் முடிவேலைகளின்போது ஊடு இழை கொஞ்சம் சாயும். பூ டிசைனில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ரூலர் வைத்துப் போட்ட கட்டத்தில் ஓரக்கரைக்கும் கட்டத்துக்கும் கோணம் மாறுவது பளிச்சென்று தெரியும், வெட்டுபவர் எதை நம்பி வெட்டுவது என்று திணறுவார். கையால் போட்டது போன்ற லேசான ஒழுங்கின்மை அதை மறைக்கும்.

வாட்டர்கலர் என்பதால் ஒரு தனி எச்சரிக்கை. ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், கம்பெனி ஓர் உச்ச எண்ணிக்கை சொல்லும். நீர் ஓடிக் கரையும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் நூறு சாயலும் அந்தச் சில நிறங்களுக்குள் அடங்க வேண்டும். டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பேசும்போதே எந்த முறையில் அச்சிடுவார்கள் என்று கேளுங்கள். ஸ்கிரீன் என்றால் உங்கள் ஓவியத்தை நீங்களே முதலில் 12 நிறத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். சுருங்கியும் உயிரோடு இருந்தால் அது துணிக்கு வரும். சுருக்கியதும் சேறாகிவிட்டால் அந்த ஓவியத்தை டிஜிட்டல் அச்சுக்கு வையுங்கள்.

நிறத்தைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறங்களுக்கு எண் தரும் பான்டோனின் பருத்தித் துணி மாதிரிகளின் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் மில்லுக்கும் உங்களுக்கும் பொது மொழி கிடைக்கும். சோதனை அச்சாக ஸ்ட்ரைக்-ஆஃப் வரும்போது பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் விளக்கிலும் பாருங்கள். பகலில் ஒத்துப்போன இரண்டு பச்சை விளக்கடியில் பிரிந்து நிற்கலாம். தனித்தனியாகப் பார்த்து ஒப்புதல் தராமல் முழுக் குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து முடிவெடுங்கள். திருத்தத்தை ‘இன்னும் கொஞ்சம் பளிச்சென்று’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘இலைப் பச்சையில் மஞ்சளைக் குறைத்து ஒரு படி அடர்த்தி கூட்டவும், மற்ற நிறங்கள் சரி’ என்று எழுதுங்கள்.

---

ஓரக்கரை பதில்:

ஒப்பந்தம், வருமானம், வரிசை பற்றி நான் எழுதுகிறேன்.

துணி லைசென்ஸில் ராயல்டி, கம்பெனி கடைகளுக்கு விற்கும் மொத்தவிலையில் ஒரு சிறு சதவீதம். கடையில் வாங்குபவர் தரும் விலையில் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு வருமானத்தை இரட்டிப்பாகக் கற்பனை செய்பவர்கள் நிறைய. அதுவும் ‘நிகர விற்பனை’யின் மேல். திரும்பி வந்த துணி, தள்ளுபடி, சில ஒப்பந்தங்களில் கழிவு விலையில் தள்ளிவிட்ட துணி எல்லாம் கழிந்தபின். எது எது கழியும் என்று ஒப்பந்தம் பட்டியலிட வேண்டும். ‘வழக்கமான கழிவுகள்’ என்று மட்டும் இருந்தால் விளக்கம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

முன்பணம் தந்தால் அது பெரும்பாலும் ராயல்டியிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் முன்பணம். அது அடைபடும் வரை காசு வராது. விற்பனை குறைந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பது தனி வரியாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று இருப்பதே சரி.

முன்கூட்டியே வெட்டிக் கட்டி விற்கும் 2½ இன்ச் பட்டை, 5 இன்ச், 10 இன்ச் சதுரங்களுக்கும் ராயல்டி உண்டா என்று பாருங்கள். அடுத்தது பிரத்தியேக உரிமை. குயில்ட் காட்டனுக்கு மட்டும் பிரத்தியேகம் என்றால் நியாயம். அதே ஓவியத்தை வால்பேப்பரிலும் காகிதத்திலும் குவளையிலும் போடும் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். எத்தனை வருடம், முடிந்தபின் உரிமை தானாகத் திரும்புமா, கிடங்கில் மிஞ்சியதை எத்தனை மாதம் விற்கலாம் என்பது அடுத்தது. ஓவியத்தை ஒரேயடியாக விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தமும் உண்டு. அதில் அந்தப் பூவை நீங்கள் வேறெங்கும் வரைந்து விற்க முடியாமல் போகலாம். ஓரக்கரையில் உங்கள் பெயர் அச்சாவதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாங்குபவர் உங்களைத் தேடி வரும் வழி அதுதான்.

காலக்கணக்கு தெரியாமல் இதில் இறங்கினால் திணறிப் போவீர்கள். ஓவியம் ஒப்புதலானதிலிருந்து துணி கடைக்கு வர ஏறக்குறைய ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல். கடை விற்று, காலாண்டுக் கணக்கு முடிந்து ராயல்டி வருவது இன்னும் தள்ளி. இந்த இடைவெளியைத் தாங்குவது பேட்டர்ன் விற்பனை, வகுப்பு, பத்திரிகைக்குச் செய்யும் குயில்ட், லாங் ஆர்முக்கான கோட்டு டிசைன் இவைதான். பேட்டர்ன் முதலில் என்று நான் சொல்வது இதனால்தான். பேட்டர்னுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், சரிபார்த்து முடித்த அன்றே விற்கலாம், ஒருமுறை எழுதியது வருடக்கணக்கில் விற்கும். துணிக் கலெக்‌ஷன் அப்படியல்ல. பெரும்பாலானவை ஒருமுறை அச்சாகி, விற்று முடிந்ததும் போய்விடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் வருகிறது. பேட்டர்னில் துணியின் விற்பனைப் பெயரை வைத்து எழுதாதீர்கள். துணி அ, துணி ஆ என்றோ பின்னணி, நட்சத்திரம் என்றோ எழுதுங்கள். கலெக்‌ஷன் தீர்ந்த பிறகும் பேட்டர்ன் உயிரோடு இருக்கும். அட்டைப்படக் குயில்ட்டை உங்கள் துணியில் தைக்கலாம், ஆனால் உள்ளே இன்னொரு நிறச்சேர்க்கையையும் காட்டுங்கள், எல்லாமே ஒற்றை நிறத் துணியில் இருந்தால் நல்லது. அதேபோல் ஜெல்லி ரோல் என்பது 2½ இன்ச் பட்டைக் கட்டுக்கு மோடா கம்பெனி வைத்த வணிகப் பெயர். ராபர்ட் காஃப்மன் அதையே ரோல் அப் என்கிறது, ரைலி பிளேக் ரோலி போலி என்கிறது. நீங்கள் ‘2½ இன்ச் பட்டை 40’ என்று எழுதிவிட்டால் எல்லாக் கம்பெனித் துணிக்கும் பொருந்தும், வணிகப் பெயர்ச் சிக்கலும் இல்லை.

பதிப்புரிமை: சாடூத் ஸ்டார் பழைய மரபு பிளாக், யாரும் உரிமை கொண்டாட முடியாது, நீங்களும்தான். உங்கள் வாசகம், உங்கள் வரைபடம், உங்கள் படம் இவை உங்களுடையவை. இன்னொருவர் அதே ஸ்டாரை அதே அளவில் தன் சொற்களில் எழுதி விற்றால் தடுக்க வழியில்லை. ஆகவே இந்த முதல் பேட்டர்னில் ஏதாவது உங்களுக்கே உரியதாக இருக்க வேண்டும்: நிற ஓட்டமோ, பிளாக்குகளை அடுக்கும் விதமோ, இரண்டு அளவு ஸ்டார் கலந்ததோ. இப்போது உள்ளபடி 30 ஒரே ஸ்டார் வரிசையாக நிற்பதற்கு இலவசப் பேட்டர்ன்கள் ஏராளம்.

கம்பெனிக்கு அனுப்பும்போது அவர்களின் வழிமுறைப் பக்கத்தைப் படித்து, கேட்ட வடிவில் மட்டும் அனுப்புங்கள். சின்ன பிடிஎஃப் ஒன்றில் முழுக் கலெக்‌ஷன் ஒன்று அல்லது இரண்டு, ஒவ்வொரு டிசைனுக்கும் பக்கத்தில் உண்மை அளவைக் காட்டும் அளவுகோல், கடைசியில் அந்தத் துணிகளால் நிரப்பிய குயில்ட் வரைபடம் இரண்டு. அந்த வரைபடம்தான் உங்கள் பலம். நன்றாக வரைபவர்கள் பலர் உண்டு, வெட்டித் தைத்தால் எப்படி வரும் என்று காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கம்பெனி ஏற்கெனவே இதே மாதிரிப் பூக்களை விற்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இடம் இல்லை என்பார்கள், சுத்தமாக ஒட்டாத பாணியாக இருந்தாலும் அப்படியே.

ஒப்பந்தம் ஆனபின் ஒரு நெருக்கடி வரும், முன்பே தயாராக இருங்கள். ஹூஸ்டனில் இலையுதிர்காலத்தில் நடக்கும் இன்டர்நேஷனல் குயில்ட் மார்க்கெட் போன்ற வணிகக் கண்காட்சிகளில் கடைக்காரர்கள் தைத்த குயில்ட்டைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார்கள். மாதிரித் துணி அதற்குச் சில வாரம் முன்புதான் கைக்கு வரும். பேட்டர்ன்கள் அதற்குள் எழுதி, டெஸ்ட் ஆகி முடிந்திருக்க வேண்டும். தைக்க ஆள், லாங் ஆர்ம் நேரம் இரண்டையும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது, எத்தனை கெஜம் மாதிரித் துணி இலவசம் என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

அச்சிட்ட பேட்டர்னைக் கடைகளுக்குத் தந்தால் பொதுவாகப் பாதி விலை. விநியோகஸ்தர் வழி போனால் அதற்கும் குறைவு. சில்லறை விலையை வைக்கும்போதே இந்த இரண்டையும் தாங்கும்படி வையுங்கள், பிறகு ஏற்றுவது கடினம்.

---

பூவரசு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. 18⅛ கணக்கைக் கட்டத் தாளில் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது. பேட்டர்னை 15 ஃபேட் குவார்ட்டருக்கு மாற்றி எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கேட்டால் அச்சிட்டுத் தரும் ஸ்பூன்ஃப்ளவர் மாதிரி தளத்தில் என் டிசைன்களை இப்போதே விற்பனைக்குப் போடலாமா? பைண்டிங்குக்குக் கோடு போட்ட துணி ஒன்று வரைய ஆசை, கோடு எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

---

ஓரக்கரை பதில்:

சோதனை அச்சுக்கு அந்தத் தளங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அளவையும் அடர்த்தியையும் துணியில் பார்க்க அதைவிடச் சுலப வழி இல்லை. ஃபைல் 150 டிபிஐ-யில் (இன்ச்சுக்கு 150 புள்ளி) உண்மை அளவில் இருக்கட்டும், ஒரே துண்டில் எல்லா டிசைனையும் சின்னக் கட்டங்களாக நிரப்பி அச்சிட்டால் ஒரே அச்சில் முழுக் குடும்பத்தையும் பார்த்துவிடலாம். கம்பெனிக்கு அனுப்ப நினைக்கும் கலெக்‌ஷனை மட்டும் பொது விற்பனைக்குப் போடாதீர்கள். சில கம்பெனிகள் ஏற்கெனவே வெளியான டிசைனை எடுப்பதில்லை, எடுத்தாலும் அங்கிருந்து நீக்கச் சொல்வார்கள். விற்பனைக்கு வேறு டிசைன்கள் வரையுங்கள்.

---

பாவும்ஊடும் பதில்:

பைண்டிங்கைப் பெரும்பாலானோர் துணியின் அகலவாக்கில், ஓரக்கரையிலிருந்து ஓரக்கரைக்கு வெட்டுகிறார்கள். கோடு ஓரக்கரைக்கு இணையாக ஓடினால் அந்தப் பட்டையில் கோடுகள் குறுக்கே விழும், குயில்ட்டின் ஓரத்தில் ஏணிப்படி போல வரும். அதுதான் நீங்கள் விரும்புவது என்று நினைக்கிறேன். ஓரக்கரைக்குக் குறுக்காக ஓடும் கோடு என்றால் அகலவாக்கில் வெட்டிய பட்டையில் நீளமாகக் கிடக்கும். வெட்டு இம்மி சாய்ந்தாலும் கோடு மடிப்புக்குள் போய்ப் போய் வரும். பைண்டிங்கைச் சாய்வாக வெட்டச் சொல்ல விரும்பினால் கோடுகளின் இடைவெளியை ¼ இன்ச்சுக்குள் வையுங்கள், ஓரத்தில் தெரியும் பட்டை அவ்வளவு அகலம்தான்.

---

கால்இன்ச் பதில்:

ஒரு சின்னச் சேர்க்கை. கோட்டுத் துணியில் சாய்வு இணைப்புப் போட்டால் கோடுகள் இணைப்பில் உடைந்து தெரியும். அந்தத் துணிக்கு மட்டும் நேர் இணைப்பு என்று குறிப்பில் எழுதுங்கள், தையலைக் கோட்டின் மேலேயே ஓட்டினால் மறைந்துவிடும். நேர் இணைப்பில் ஒவ்வொன்றும் ½ இன்ச்தான் விழுங்கும். 40 இன்ச் பட்டை 7-ல் 280 − 3 = 277 வரும், தேவை 274. கணக்கில் போதும்தான், ஆனாலும் ⅝ கெஜத்தைக் குறைக்காதீர்கள். கோட்டைப் பொருத்த ஒவ்வொரு முனையிலும் ஒரு இன்ச் வரை வெட்டிக் கழிக்க வேண்டியிருக்கும்.